கணக்கு வராத பிள்ளைகளும் நமது கடமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





வரவு செலவு அறிக்கையைக் கேட்டு நீங்கள் களைத்திருக்கும் வேளையில், மீண்டும் எண்களைப் பற்றியே பேச வந்திருக்கிறோம். பொறுத்தருள வேண்டுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கல்வி உதவித்தொகை கோரி எட்டாம் வகுப்பு மாணவி ஒருவரின் விண்ணப்பம் எங்கள் குழுவுக்கு வந்தது. தமிழில் 91 மதிப்பெண், கணிதத்தில் 22. 'கணிதத்தில் தேர்ச்சி இல்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். கையொப்பமிட்டவர்கள் நாங்களேதாம். அடுத்த ஆண்டு அவ்விண்ணப்பம் வரவில்லை. பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டது. அதே பிள்ளையைப் பற்றி நம் மக்தப் உஸ்தாத் அவர்கள், 'ஒருமுறை ஓதிக் கொடுத்தால் போதும், பிசகாமல் ஒப்புவிக்கும்' என்று பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். இவ்வளவு நினைவாற்றல் உள்ள பிள்ளைக்குக் கூட்டல் மட்டும் ஏன் வரவில்லை என்ற கேள்வி அன்று எங்களுக்கு எழவில்லை.

இதற்கு டிஸ்கால்குலியா என்று பெயர். கணிதக் கற்றல் குறைபாடு எனலாம். செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஆய்வாளர் லாடிஸ்லாவ் கோஷ்ச் 1974இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே இது பரவலாக ஆராயப்படலாயிற்று. நூறு பிள்ளைகளில் மூன்று முதல் ஏழு பேர் வரை இக்குறைபாடு உடையவர்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அப்படியானால் நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பில் ஒருவரோ இருவரோ இருக்கக்கூடும். இது அறிவுக் குறைவன்று, சோம்பலுமன்று. எண்ணின் அளவை உணர்வதற்குத் துணைபுரியும் மூளைப் பகுதி இவர்களிடம் வேறுவிதமாக இயங்குவதை ஆய்வுகள் காட்டுகின்றன.

மேசையில் மூன்று புளியங்கொட்டைகளைப் போட்டால் மற்றப் பிள்ளைகள் பார்த்தவுடனே 'மூன்று' என்பார்கள். இந்தப் பிள்ளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணக்கூடும். ஐந்து பெரிதா எட்டுப் பெரிதா என்று கேட்டால் தயங்கும். ஐந்தாம் வகுப்பிலும் விரல் விடும். நேற்றிரவு ஒப்புவித்த வாய்ப்பாடு காலையில் மறந்திருக்கும். கடிகாரம் பார்ப்பதும் மீதிச் சில்லறை வாங்குவதும் பெரும்பாடாக இருக்கும். நூற்றைந்து எழுதச் சொன்னால் 1005 என்று எழுதும். நூறையும் ஐந்தையும் காதில் விழுந்தபடியே அடுத்தடுத்து எழுதிவிடுகிறது.

இதில் நம் தமிழும் ஒரு சிறு சிக்கலை வைத்திருக்கிறது. எண்பது, எழுபது என்பவற்றில் பத்து ஒலிக்கிறது. தொண்ணூறு என்பதிலோ நூறு ஒலிக்கிறது; ஆனால் அது நூறு அன்று. தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. ஆனால் அது ஆயிரமும் அன்று. எல்லாப் பிள்ளைகளும் இவ்விடத்தில் சற்று இடறிப் பிறகு எழுந்துவிடுவார்கள். நாம் கூறும் பிள்ளைகளோ ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிற்பார்கள்.

கணக்கில் தவறும் பிள்ளைகள் அனைவருக்கும் இக்குறைபாடு இருப்பதாக முடிவு கட்டிவிடவும் வேண்டாம். கண் பார்வை, காது கேட்பது, பள்ளிக்கு வராத நாட்கள், முறையாகக் கற்பிக்கப்படாமை என வேறு காரணங்களும் உண்டு. பெயர் சூட்டுவது மருத்துவரும் உளவியலாளரும் செய்ய வேண்டிய வேலை. ஐயம் கொள்வது மட்டுமே நம் வேலை.

நம் ஊரில் நடப்பதை நாம் அறிவோம். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் தவறிய பையனை, 'படிப்பு ஏறவில்லை, வியாபாரமாவது பழகட்டும்' என்று கடைக்கு அழைத்துச் சென்று கல்லாவில் உட்கார வைக்கிறோம்! எது அவனுக்கு வராதோ அதையே நாள் முழுவதும் வாடிக்கையாளர் முன்னிலையில் செய்யச் சொல்கிறோம். மாலையில் ஐம்பது ரூபாய் குறைந்தால் அவன் நாணயத்தையே சந்தேகிக்கிறோம். அவனைச் சரக்கு எடுக்கவும், வாடிக்கையாளரிடம் பேசவும் வைத்துப் பார்த்த தகப்பனார்கள் நம்மில் எத்தனை பேர்?

டியூஷன் வைப்பது தீர்வாகிவிடாது. புரியாத முறையிலேயே மேலும் இரண்டு மணி நேரம் கற்பிப்பதால் பயன் என்ன? பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளைக் கையில் கொடுங்கள். பல்லாங்குழி ஆடட்டும். தரையில் கோடு கிழித்து எண்களை எழுதி, அதன் மேல் நடந்து கூட்டவும் கழிக்கவும் பழகட்டும். கட்டம் போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள். இலக்கங்கள் வரிசை மாறாமல் நிற்கும். விரல் விடுவதைத் தடுக்காதீர்கள். நேரம் குறித்து விரட்டுவதும், கரும்பலகை முன் நிறுத்திக் கேட்பதும் வேண்டாம். அச்சம் வந்துவிட்டால் தெரிந்ததும் மறந்துபோகும்.

சட்டமும் இப்போது துணை நிற்கிறது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டம் அதைச் சேர்த்ததோடு, டிஸ்கால்குலியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உரிய மருத்துவச் சான்று பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளைத் தலைமையாசிரியர் வழியாகக் கோரலாம். தேர்வு நெருங்கிய பின் அலைவதைவிட ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குவது நல்லது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் கணிதப் பாடத்தை எடுக்காமலே பத்தாம் வகுப்பை முடிக்கலாம். நம்மில் பலர் இதை அறியாதிருந்தோம், எங்கள் குழுவும்தான்.

சென்ற மாதம் அம்மாணவியின் வீட்டுக்குச் சென்றோம். 'அன்றைக்கே ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாமே' என்றார் தாயார். எங்களிடம் பதில் இல்லை. இப்போது திறந்தநிலைப் பள்ளி விண்ணப்பம் நிரப்பப்பட்டிருக்கிறது. கட்டணத்தை ஜமாஅத் ஏற்றுக்கொண்டுள்ளது. உதவித்தொகை விண்ணப்பத்தில் 'அனைத்துப் பாடங்களிலும் தேர்ச்சி' என்றிருந்த வரியையும் இவ்வாண்டு முதல் நீக்கிவிட்டோம். நீக்கக் கூடாது என்று குழுவிலேயே இருவர் வாதிட்டனர் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இனி ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா மாடி அறையில், நம் ஜமாஅத்தைச் சார்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர் அமர்ந்திருப்பார்கள். பிள்ளையை அழைத்து வாருங்கள். மதிப்பெண் பட்டியல் தேவையில்லை. கணக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள். சிவப்பு மை விழுந்த பக்கங்களைக் கிழித்துவிடாமல் அப்படியே கொண்டு வாருங்கள். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை அந்தப் பக்கங்களே.