அலுமினியத்துக்குள் சாணைக்கல்



என் ஆய்வுக்கூட மேசைமீது சுண்டுவிரல் பருமனில் ஓர் உலோகத் தண்டு முறிந்து இரண்டு துண்டுகளாகக் கிடக்கிறது. கையில் எடுப்பவர் எவரும் அதை அலுமினியம் என்றே சொல்வர். நிறமும் அதுவே, எடையும் ஏறத்தாழ அதுவே. ஆனால் அதன்மேல் அரத்தை ஓட்டினால், அரத்தின் பற்கள் விரைவில் மழுங்கிவிடும். அதன் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு சிலிக்கன் கார்பைடு. சாணைச் சக்கரங்கள் பலவற்றில் இருக்கும் அதே பொருள். மென்மையான உலோகத்துக்குள் சாணைக்கல் பொடியை ஏன் புகுத்த வேண்டும்? அதனால் பெறுவது என்ன, இழப்பது என்ன? இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

வலிமை வேறு, விறைப்பு வேறு என்பதை முதலில் மனத்தில் இருத்துங்கள். எவ்வளவு இழுத்தால் கம்பி அறுகிறது என்பது வலிமையைப் பற்றிய கேள்வி. சிறிதளவு இழுக்கும்போது அது எவ்வளவு நீண்டு கொடுக்கிறது என்பது விறைப்பைப் பற்றிய கேள்வி. யங் குணகம் என்று நீங்கள் பாடத்தில் படிப்பது இந்த விறைப்பின் அளவையே.

அலுமினியத்தின் வலிமையை உயர்த்தும் வழி நெடுநாளாகவே தெரியும். செம்பும் மக்னீசியமும் சிறிது சேர்ந்த அலுமினியத்தைச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, இரண்டொரு நாள் சும்மா வைத்திருந்தாலே அது வலுப்பெறுவதை 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஆல்பிரட் வில்ம் கண்டார். அதன்பின் வலிமை பன்மடங்கு ஏறியது. விறைப்போ, எப்படிப் பதப்படுத்தினாலும் 70 கிகாபாஸ்கல் அளவிலேயே நிற்கிறது. (லிதியம் சேர்த்தால் சிறிது ஏறும், அது வேறு கதை.) அது அணுக்களுக்கு இடையேயுள்ள பிணைப்பைப் பொறுத்தது, பதப்படுத்தல் அதைத் தொடுவதில்லை.

சிலிக்கன் கார்பைடின் விறைப்போ 400 கிகாபாஸ்கலுக்கும் மேல். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, இதன் அடர்த்தி 3.2. ஐந்தில் ஒரு பங்கு இதைச் சேர்த்தால், எடை நூற்றுக்கு நான்கு போலக் கூடுகிறது. விறைப்பு 100 கிகாபாஸ்கலை எட்டுகிறது. நான்கைக் கொடுத்து நாற்பதை வாங்கும் இந்த வாணிகத்தில் மனம் மயங்காத பொறியாளர் உண்டோ?

உருகிய உலோகத்தில் பொடியைக் கொட்டிக் கிளறினால் போதாதா என்று கேட்பீர்கள். அப்படியும் செய்கிறார்கள். ஆனால் உருகிய அலுமினியம் அத்துகள்களை எளிதில் நனைப்பதில்லை. சூடு மிகுந்தால் இரண்டும் வினைபுரிந்து, ஈரம் பட்டாலே சிதையும் அலுமினியம் கார்பைடு விளைகிறது. ஆகையால் நாங்கள் குயவர் வழியைப் பின்பற்றுகிறோம். குயவர் மண்ணை உருக்குவதில்லை. வனைந்து, சூளையில் வைத்து, துகளோடு துகளைப் பற்றச் செய்கிறார். அவ்வாறே இரு தூள்களையும் கலந்து, அச்சிலிட்டு அழுத்தி, அலுமினியத்தின் உருகுநிலையாகிய 660 பாகைக்குக் கீழேயே சூடாக்குகிறோம்.

இதில் ஓர் இடையூறு உண்டு. அலுமினியத் தூளின் ஒவ்வொரு மணியையும் மெல்லிய ஆக்சைடுத் தோல் போர்த்தியிருக்கிறது. நம் வீட்டுப் பாத்திரத்தை அரிக்காமல் காப்பதும் அந்தத் தோலே; இங்கே அதுவே மணிகளை ஒட்டவிடாமல் தடுக்கிறது. எனவே சூடான கட்டியை, முறுக்குப் பிழிவதுபோல், சிறு துளை வழியே பெரும் விசையோடு பிதுக்கித் தள்ளுகிறோம். அப்போது தோல் கிழிந்து, உலோகம் உலோகத்தைத் தழுவுகிறது. ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: நுண்ணிய அலுமினியத் தூள் காற்றில் பரவியிருக்கையில் ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும். வீட்டில் இதைச் செய்து பார்க்க எண்ண வேண்டா.

இனி, முறிந்த அந்தத் தண்டின் கதை. அது நாங்கள் முதன்முதலில் செய்தது. தூள்களைக் கலக்க அரை மணி போதும் என்று சொன்னவன் நானே. சாதாரண அலுமினியக் கலவை அறுமுன் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்காவது நீளும். எங்கள் தண்டு நூற்றுக்கு ஒன்றுகூட நீளவில்லை. முன்னறிவிப்பு ஏதுமின்றிப் படீரென்று முறிந்தது. முறிவு முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. கார்பைடுத் துகள்கள் பரவி நிற்காமல் எறும்பு முட்டைகள்போல் அங்கங்கே குவிந்து கிடந்தன. அவற்றின் இடையே உலோகமே இல்லை. அலுமினிய மணிகள் பெரியவை, கார்பைடுத் துகள்கள் மிகச் சிறியவை. எலுமிச்சம்பழக் குவியலில் கடுகைக் கொட்டினால் கடுகெல்லாம் இடுக்குகளில் சேர்வது இயல்புதானே!

தண்டை இழுக்கும்போது அலுமினியம் நீள விரும்புகிறது, துகள் இணங்குவதில்லை. ஆகவே சுமையில் ஒரு பங்கைத் துகள் ஏற்கிறது. இழுவிசை மிகும்போது துகள் பிளக்கிறது, அல்லது உலோகத்தை விட்டுப் பிரிகிறது. அவ்விடத்தில் ஒரு சிறு வெற்றிடம் தோன்றுகிறது. துகள்கள் விலகி நின்றால் வெற்றிடங்கள் ஒன்றுசேர நேரமாகும். குவிந்து நின்றாலோ கணத்தில் சேர்ந்து விரிசலாகிவிடும். துகளின் அளவை மணியின் அளவுக்கு நெருங்கியதாக மாற்றி, நெடுநேரம் கலந்து, மறுபடி பிதுக்கினோம். புதிய தண்டு நூற்றுக்கு நான்கு நீண்டது. விறைப்போ முதல் தண்டில் இருந்த அளவுதான்! விறைப்பைத் தீர்மானிப்பது சேர்க்கும் அளவு. முறிவைத் தீர்மானிப்பது பரவும் ஒழுங்கு.

அந்த நான்கும் பன்னிரண்டுக்கு ஈடாகாது என்பதை நான் மறைக்கவில்லை. வளைந்து எச்சரித்துவிட்டு முறிய வேண்டிய உறுப்புக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதிராமல் நிற்க வேண்டிய உறுப்புக்கோ இது மிகப் பொருந்தும். எப்-16 போர் விமானத்தின் பின்பகுதியில் வயிற்றுப்புறத் துடுப்புகள் இரண்டு உண்டு. கொந்தளிக்கும் காற்றில் ஓயாது அதிர்ந்து, சாதாரண அலுமினியத் தகட்டாலான துடுப்புகள் விரிசல் கண்டன. கன அளவில் நூற்றுக்குப் பதினேழரை பங்கு சிலிக்கன் கார்பைடு சேர்த்துத் தூள் முறையில் செய்த தகட்டை அவற்றுக்குப் பதிலாக வைத்தார்கள். விறைப்பு நூற்றுக்கு நாற்பது கூடியதால் துடுப்பின் ஆட்டம் தணிந்தது. போயிங் 777 விமானத்துக்கான பிராட் அண்டு விட்னி எஞ்சினிலும், விசிறிக்குப் பின்னே காற்றை நெறிப்படுத்தும் தகடுகள் இதே பொருளால் செய்யப்பட்டன.

உங்கள் மிதிவண்டியிலோ வீட்டுப் பாத்திரத்திலோ இது ஏன் இல்லை என்றால், விலைதான் காரணம். தூளும் விலை, பிதுக்கும் எந்திரமும் விலை. கடைசல் பிடிப்பதோ இன்னும் தொல்லை. எங்கள் பட்டறையில் இரண்டாவது தண்டைக் கடைந்தபோது எஃகு உளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மழுங்கின. கடைசியில் வைரமுனை உளியை வரவழைத்த பிறகே வேலை முடிந்தது.