வெள்ளவத்தையில் பூக்காத தீக்கோல்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசவேண்டுமென்று செயலாளர் கேட்டபோது, "உங்களுக்கு நன்றாக வாய்த்த செடி ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். நானோ வாய்க்காத செடியைப் பற்றியே சொல்ல வந்திருக்கிறேன். மல்லிகையும் செவ்வரத்தையும் வளர்க்க உங்களுக்கு என் உபதேசம் எதற்கு?

என் மனைவி நுவரெலியாவிற் பிறந்தவள். அவள் தகப்பனார் வீட்டுப் படலையருகே ஒரு பூஞ்செடி பெரும் பற்றையாக நின்றது. 'ரெட் ஹொட் போக்கர்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். தணலைக் கிளறும் இரும்புக்கோல் பழுக்கக் காய்ந்து நிற்பதுபோலத் தோன்றுவதால் அப்படிச் சொன்னார்கள். வாள் போன்ற இலைகளின் நடுவே மார்பளவு உயரத்துக்குத் தண்டு எழும்பும். அதன் தலையிலே குழல் வடிவான சிறு பூக்கள் நெருங்கித் தொங்கும். அரும்பிலே சிவப்பு, மலர்ந்தால் மஞ்சள். அடியிலிருந்து நுனி நோக்கி மலர்வதால், நுனி கனலாகவும் அடி பொன்னாகவும் இருக்கும்.

1983 ஆடி மாதத்தில் அந்த வீடு எரிந்துபோயிற்று. அதை இங்கு விரித்துரைக்கப் போவதில்லை. சில ஆண்டுகளின் பின் நாங்கள் வெள்ளவத்தைக்குக் குடிவந்தபோது, படலையருகே அந்தப் பூ ஒன்று இருந்தால் போதும் என்றாள். நானும், ஒரு செடிதானே என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நானுஓயாவிலிருந்து ரயிலில், ஈரச் சாக்கிற் சுற்றிக் கொண்டுவந்த முதற்பற்றை வைகாசி மழையோடு அழுகிற்று. குருத்தைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது, நாற்றத்துடன். அதன் பிறகுதான் புத்தகத்தைப் புரட்டினேன். முதலிலேயே புரட்டியிருக்கலாம்.

இச்செடி கற்றாழையின் உறவு. சுமார் எழுபது இனங்கள் உண்டு. தாயகம் ஆபிரிக்கா, தென்னாபிரிக்காவிலும் கிழக்காபிரிக்க மலைகளிலும் மிகுதி. அங்கே தேன்சிட்டுகள் தண்டிலே தொற்றிக்கொண்டு தேன் குடிக்கும். 'நிபோபியா' என்ற சாத்திரப் பெயரை 1794இல் இட்டவர் மென்ச் என்பவர். எர்பூர்ட் நகரத்து மருத்துவப் பேராசிரியர் நிபோப் என்பவரின் நினைவாக இட்டார். அந்த நிபோப் ஒரு விசித்திரமான மனிதர்: படம் வரையாமல், உண்மையான செடிகளிலேயே மை பூசித் தாளில் அழுத்திப் புத்தகம் செய்தவர்.

நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மரியான் நோர்த் என்ற ஓவிய அம்மையார் 1876-77இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரின் வீட்டிலே தங்கினார். கமரன் எடுத்த அவரது படங்கள் இன்றும் உள்ளன. பின்னர் அவர் தென்னாபிரிக்காவுக்குச் சென்றார். இச்செடியின் ஓரினத்துக்கு அவர் பெயரே வழங்குகிறது.

வெயில் வேண்டும், ஆனால் வேரடியில் நீர் தேங்கலாகாது, குளிர்ந்த இரவு வேண்டும். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. நம் வெள்ளவத்தையோ கடலோரம். இரவிலும் வெப்பம் அதிகம் இறங்குவதில்லை. மழையோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர். மலைநாட்டில் உறவினர் உள்ளவர்கள் தாராளமாக நடலாம்: மண்ணை மேடாக்கி, மணலும் கூட்டெருவும் கலந்து, குருத்தை மண்ணால் மூடாமல், இரண்டடி இடைவிட்டு வையுங்கள். பூத்து வாடிய தண்டை அடியோடு வெட்டுங்கள். பற்றை நெருங்கினால் பிரித்து நடுங்கள்.

இரண்டாம் பற்றையை மொட்டைமாடியில், பாதிக்கு மணல் நிரப்பிய பூச்சாடியில் வைத்தேன். மழைக்கு மேலே தகரம். அது சாகவில்லை. நான்கு வருடம் இலைவிட்டது. ஒரு தண்டுகூட எழவில்லை. "என்னைப் போலத்தான் அதுவும், இருக்குது" என்றாள் மனைவி. எனக்கு மறுமொழி வரவில்லை.

கொட்டாஞ்சேனையிலுள்ள நண்பர் ஒருவர்தான் என் பிடிவாதத்தை உடைத்தார். அவர் வளவின் பின்மதிலோரம் 'ரோச் ஜிஞ்சர்' வளர்த்தார். இஞ்சிக் குடும்பம், மலாயா, ஜாவாப் பக்கத்துச் செடி. அங்கே அதன் அரும்பை அரிந்து கறிக்கும் இடுவார்கள். இலைத்தண்டு பத்துப் பன்னிரண்டு அடி போகும். பூத்தண்டோ தனியே நிலத்திலிருந்து மார்பளவுக்கு எழுந்து, தீப்பந்தம்போலச் சிவந்து நிற்கும். நமது புழுக்கமும் மழையும் அதற்கு விருந்து. ஆனால் இடம் நிறைய வேண்டும். தொடர்மாடி வாசிகள் ஆசைப்பட வேண்டாம், அவர்களுக்குச் சாடியிற் கல்வாழை போதும்.

ஒரு கிழங்கு வாங்கிவந்து படலையருகே நட்டேன். இரண்டாம் வருடம் பூத்தது. மனைவி நெடுநேரம் பார்த்தாள். "இது அது இல்லை" என்றாள். பிறகு வாளியை எடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். இன்றும் அவள்தான் ஊற்றுகிறாள். மாடியிலுள்ள சாடியையும் எறிய விடவில்லை.

பற்றையைப் பிரித்தெடுத்த கிழங்குகள் சில, மண்டப வாசலில் ஒரு சாக்கில் இருக்கின்றன. வளவில் இடமுள்ளவர்கள் போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். அடிமண் காயாமற் பார்த்துக்கொள்ளுங்கள்.