திமிங்கிலத்துக்காக நகர்ந்த கோடு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையேறும்போதே ஒரு நண்பர் காதைக் கடித்தார். "ஏப்பா, போடிக்காரன் பேசுறதுக்கு ஏலக்காய் இருக்கு, காப்பி இருக்கு, மாங்காய் இருக்கு. நீ என்னடான்னா திமிங்கிலத்தைப் பத்திப் பேசப்போறேங்கிற!" நியாயமான கேள்விதான். நம்ம ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் நூறு கிலோமீட்டருக்குள் கடல் கிடையாது. ஆனால் 1989-இல் இங்கே இயற்பியல் முடித்துவிட்டு நான் போய்ச் சேர்ந்தது கப்பல் வேலையில். ஏறக்குறைய முப்பது வருஷம் கடலிலேயே போய்விட்டது. எனக்குத் தெரிந்ததைத்தானே நான் பேச முடியும்?

கப்பலில் இரண்டாம் அதிகாரி என்று ஒருவர் உண்டு, செகண்ட் மேட் என்போம். கடல் வரைபடங்களை, அதாவது சார்ட்டுகளைத் திருத்தி வைப்பது அவர் பொறுப்பு. வாராவாரம் திருத்த அறிவிப்பு வரும். இந்த இடத்தில் மிதவை விளக்கு மாறியிருக்கிறது, அந்த இடத்தில் ஒரு கப்பல் மூழ்கிக் கிடக்கிறது என்று இருக்கும். அதைப் பார்த்து ஊதா மையில் குறிக்க வேண்டும். கணக்குப்பிள்ளை வேலை மாதிரிதான். 1999-இல் நான் அந்த வேலையில் இருந்தபோது ஒரு புது அறிவிப்பு வந்தது. அமெரிக்காவின் வடகிழக்குக் கடலில் குறிப்பிட்ட எல்லைக்குள் நுழையும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் எல்லாம் தங்கள் திசை, வேகம், போகும் துறைமுகம் இவற்றைத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் பதில் வரும். புயல் எச்சரிக்கை அல்ல, திமிங்கிலம் கடைசியாக எங்கே தென்பட்டது என்ற தகவல்! பிரிட்ஜில் நின்றிருந்த எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மாடு குறுக்கே வரும் என்று பஸ் டிரைவருக்குத் தந்தி அடித்த மாதிரி இருந்தது.

யாருக்காக அந்த ஏற்பாடு என்றால், வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலத்துக்காக. 'ரைட்' என்றால் வேட்டைக்குச் சரியான திமிங்கிலம் என்று பொருள் சொல்வார்கள். மெதுவாக நீந்தும், கரையோரமாக வரும், நிறைய எண்ணெய் தரும், செத்தாலும் மிதக்கும். வேட்டைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? 1935-இல் வேட்டைக்குத் தடை வந்தது. அதற்குள் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை சுமார் 380. நம் கல்லூரியில் இரண்டு மூன்று துறை மாணவர்களைச் சேர்த்தால் அதைவிட அதிகம் வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. திமிங்கிலம் எங்கே கூடும் என்று முதன்முதலில் பெரிய அளவில் வரைபடம் போட்டவர்களில் ஒருவர் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த மேத்யூ மோரி. வருஷம் 1851. வேட்டைக் கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, எந்த மாதத்தில் எங்கே போனால் திமிங்கிலம் கிடைக்கும் என்று கட்டம் கட்டமாகக் காட்டினார். கொல்வதற்காகப் போட்ட படம்! அதே மாதிரி பழைய வேட்டைக் குறிப்புகளை வைத்துத்தான், ஒருகாலத்தில் திமிங்கிலம் எங்கெல்லாம் இருந்தது என்று இன்றைய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

இப்போது படம் போடும் முறையே வேறு. சிறு விமானத்தில் நேர்கோடாகப் பறந்து எண்ணுகிறார்கள். தலையில் இருக்கும் வெள்ளைத் தழும்புத் திட்டுகளைப் போட்டோ எடுத்து, இது இன்ன திமிங்கிலம் என்று அடையாளம் வைக்கிறார்கள். தண்ணீருக்கடியில் மைக் இறக்கி, இருட்டிலும் பனிமூட்டத்திலும் அதன் குரலைப் பதிவு செய்கிறார்கள். இயற்பியல் மாணவர்கள் கவனியுங்கள், காற்றில் போவதைவிடத் தண்ணீரில் ஒலி நாலு மடங்கு வேகமாகப் போகும். இவற்றோடு கடலின் ஆழம், வெப்பம், இரை எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இது தின்னும் இடம், இது குட்டி போடும் இடம், இது வழி என்று தெரிந்துவிடும்.

ஆனால் அந்தப் படம் ஆராய்ச்சியாளரின் மேஜையில் இருக்கும்வரை ஒரு திமிங்கிலமும் பிழைக்காது. அது எங்கள் சார்ட்டில் ஏற வேண்டும். 2003-இல் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அது நடந்தது. திமிங்கிலம் கூடும் இடத்தை ஊடறுத்துப் போன கப்பல் பாதையைச் சுமார் 4 மைல் கிழக்கே தள்ளினார்கள். அழியும் நிலையில் உள்ள ஓர் உயிருக்காகச் சர்வதேச கடல்சார் அமைப்பு கப்பல் பாதையை மாற்றியது அதுதான் முதல் தடவை. அந்த இடத்தில் மோதும் ஆபத்து 80 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டார்கள். 2007-இல் பாஸ்டன் துறைமுகப் பாதையும் திரும்பியது. அங்கே கடலடி மணல்மேட்டில் ஒரு சின்ன மீன் புதைந்து வாழும், அதைத் தின்னத்தான் பலவகைத் திமிங்கிலங்கள் கூடுகின்றன. பாதையை 12 டிகிரி வடக்கே சாய்த்தால் மணல் குறைந்த தரைக்கு மேலே கப்பல் போய்விடும். எங்களுக்குக் கூடுதலாக ஆனது சில நிமிடங்கள்தான். அடுத்த வருஷம், குறிப்பிட்ட இடங்களில் குறிப்பிட்ட மாதங்களில் 65 அடிக்கு மேற்பட்ட கப்பல்கள் 10 நாட் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்கா சட்டமே போட்டது. ரொம்ப முணுமுணுத்தோம். ஆனாலும் வேகத்தைக் குறைத்தோம்.

அத்தோடு கதை சுபமாக முடிந்திருந்தால் நான் இவ்வளவு பேச மாட்டேன். 2010-ஐ ஒட்டி அந்தக் கடல் சூடாக ஆரம்பித்தது. ரைட் திமிங்கிலம் தின்பது அரிசிமணி அளவுள்ள ஒரு மிதவை உயிரி. குளிர்ந்த நீரில்தான் அது பெருகும். இரை இடம் மாறியது, திமிங்கிலமும் பின்னாலேயே போய்விட்டது, வடக்கே செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்கு. அங்கே பாதை மாற்றமும் இல்லை, வேகக் கட்டுப்பாடும் இல்லை. 2017-இல் மட்டும் 17 திமிங்கிலங்கள் செத்துக் கிடந்தன, அவற்றில் 12 கனடாக் கடலில். கப்பல் மோதியும், நண்டு பிடிக்கும் கயிற்றில் சிக்கியும் செத்தவை அதில் உண்டு. அதன்பிறகு கனடா அவசரமாக வேகத்தைக் கட்டுப்படுத்தியது. இப்போது அங்கே சில பகுதிகளில் திமிங்கிலம் தென்பட்டாலோ குரல் கேட்டாலோ 15 நாளைக்கு வேகக்குறைப்பு என்று ஏற்பாடு. படம் ஒரு தடவை போட்டுச் சட்டம் மாட்டி வைக்கிற சாமான் இல்லை, பாருங்கள்.

வடகடல் எங்கேயோ இருக்கிறது என்று நினைக்காதீர்கள். இலங்கையின் தென்கோடியில் தேவேந்திரமுனை இருக்கிறது. மலாக்காவிலிருந்து சூயஸ் போகும் கப்பல்கள் அந்த முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். நானே எத்தனையோ தடவை ராத்திரி வாட்ச்சில் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு கடந்திருக்கிறேன். அதே இடத்தில், கரைக்குப் பக்கத்திலேயே கடல் திடீரென்று ஆழமாகிவிடும். அங்கே நீலத் திமிங்கிலங்கள் இரை தின்கின்றன. 2003-இல் அதைக் கவனித்துப் பல வருஷம் ஆராய்ந்தவர் ஆஷா டி வோஸ் என்ற இலங்கைப் பெண்மணி. மற்றக் கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் குளிர்நீருக்கும் சுடுநீருக்கும் இடையே நெடும்பயணம் போகும்போது, இவை வெப்பக் கடலிலேயே தங்கிவிடுகின்றன. 2012-இல் ஒரு சரக்குக் கப்பல் முகப்பில் செத்த நீலத் திமிங்கிலத்தைச் சுமந்துகொண்டே கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்தது. அவ்வளவு பெரிய கப்பலில் மோதினால் பிரிட்ஜில் இருப்பவனுக்கு ஒரு குலுக்கல்கூடத் தெரியாது, தம்பி.

பாதையை 15 மைல் தெற்கே தள்ளினால் ஆபத்து 95 சதவீதம் குறையும் என்று 2016-இல் வெளியான ஆய்வு சொன்னது. 2018-இல் நடந்த சர்வதேசப் பட்டறைக்குப் பிறகு அந்தக் கடல், கடல் பாலூட்டிகளின் முக்கிய வாழிடங்களின் பட்டியலிலும் ஏறியது. அந்தப் பட்டியலுக்குச் சட்ட பலம் கிடையாது. 2022-இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் கம்பெனி தானாகவே தெற்கே ஒதுங்கிப் போவதாக அறிவித்தது. அந்தக் கேப்டன்களுக்குக் கூடுவது சில மைல்தான், மீன்பிடிப் படகுகளின் தொல்லையும் குறையும். ஆனால் சார்ட்டில் அச்சான பாதை அங்கேயேதான் இருக்கிறது. அதை மாற்றச் சொல்லிக் கோரிக்கை வைக்க வேண்டியது கடலோர நாட்டின் அரசு. ஏன் தாமதம் என்பது துறைமுக வருமானம், அரசியல் எல்லாம் கலந்த விஷயம். என்னைக் கேட்டால் மாற்றலாம் என்பேன், மாலுமியாகவே சொல்கிறேன். நம்ம தமிழ்நாட்டில் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்காக, அதாவது கடல்பசுவுக்காக, 2022-இல் ஒதுக்கியிருக்கிறார்கள். தஞ்சை, புதுக்கோட்டைக் கரையில். முடியாத காரியம் இல்லை.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு யார் நினைவு வந்திருக்கும் என்று தெரியும். சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறில் விட்ட அரிக்கொம்பன் 2023 மே மாதம் கம்பம் தெருவில் வந்து நின்றது. அதனிடம் எல்லைக் கோடு போட்ட மேப் இல்லை. போடிமெட்டு பதினேழு வளைவும் ஏறி விடிகாலை ஜீப்பில் தோட்டத்துக்குப் போகும் அம்மாக்களைக் கேளுங்கள், எந்த மாதம் எந்தச் சோலை வழியாக யானை இறங்கும் என்று சொல்வார்கள். அதை யாராவது உட்கார்ந்து கேட்டு, தாளில் குறித்து, ரோடு போடுகிறவர் கையிலும் பட்டா கொடுக்கிறவர் கையிலும் சேர்க்க வேண்டும். எங்கள் ஊதா மை வேலை மாதிரிதான்.

நேரமாகிவிட்டது, பந்தியிலும் இலை போட்டாகிவிட்டதாம். வெளி வராந்தாவில் ஒரு நீள மேஜையில் மூன்று சார்ட் விரித்து வைத்திருக்கிறேன். பாஸ்டன் பழையது, பாஸ்டன் புதியது, மூன்றாவது தென் இலங்கை. மூன்றாவதில் 15 மைல் தெற்கே பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். ஸ்கேலும் டிவைடரும் பக்கத்திலேயே இருக்கின்றன, மாணவர்கள் அளந்து பார்க்கலாம். சாம்பார்க் கையோடு மட்டும் தொடாதீர்கள்.