கடதாசி தொலைந்தால் பதிவு தொலைவதில்லை

(கல்முனையில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து கடலுக்கு வந்திருக்கிறோம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இந்தப் பக்கத்துக் கடைகளில் நிற்கிறார்கள். அவர்களைப் பார்க்கவும்தான் வந்தோம்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஏறியபோது மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் வீட்டோடு சேர்ந்து பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், உறுதி, அடையாள அட்டை எல்லாம் போயின. ஆனால் அலுமாரியில் இருந்தது பிரதிதான். மூலம் பதிவேட்டில் இருக்கிறது. லயத்தில் தீப்பிடித்தாலும் இதே கதைதான். பதிவு கணினியில் ஏற்றப்பட்டிருந்தால் கல்முனைப் பிரதேச செயலகத்திலேயே கேட்டுப் பார்க்கலாம், ஹட்டனுக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. தேடியும் பதிவு இல்லையென்றால், அந்தத் தேடல் முடிவை எழுத்தில் வாங்குங்கள். காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயது அத்தாட்சிக்கோ அதுதான் முதற்படி.

நம் ஆட்களுக்குப் பெரிய தொல்லை பெயர்தான். பிறப்புப் பதிவில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, செக்ரோலில் மாரி. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார், அவதிப்படுவது நாம். முப்பது வருடம் கொழுந்தெடுத்த ஒரு தாயின் சேமலாப நிதி இதனாலேயே இழுபட்டது. நாங்களும் பிழை விட்டோம்: வெறும் சத்தியக் கடதாசியோடு அவரை அனுப்பினோம். பதிவேட்டுப் பிரதி, தோட்ட அலுவலகக் கடிதம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் மூன்றும் சேர்ந்த பிறகுதான் கோவை நகர்ந்தது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கக்கூடிய பணம் அது. ஓய்வுக்குக் காத்திராமல் 40 வயதிலேயே பெயரைச் சரிபாருங்கள்.

பணிக்கொடை வேறு கணக்கு. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி நாட்கூலிக்காரருக்கு வருடம் ஒன்றுக்கு 14 நாட் சம்பளம், கடைசிச் சம்பள விகிதத்தில். முப்பது வருடமென்றால் 420 நாட் சம்பளம். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் தர வேண்டும். தராவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.

கொடுத்த முறைப்பாட்டுக்குப் பதிலே வரவில்லையா? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்கு இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. விண்ணப்பம் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் மட்டும் வராதீர்கள்.

இங்கே காணி வாங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். உறுதியைக் கையில் காட்டினால் நம்பிவிடாதீர்கள். கல்முனைக் காணிப் பதிவகத்தில் சிறு கட்டணம் கட்டித் தேடலாம். ஈடு வைத்திருக்கிறார்களா, வேறு ஆளுக்கு எழுதிவிட்டார்களா என்று அந்தப் பக்கம் சொல்லும். முற்பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசை போட்டிருப்போம். பழைய சம்பளச் சீட்டு, சேமலாப நிதி இலக்கம், கிழிந்த அடையாள அட்டை, எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். படிவத்தை அங்கேயே நிரப்புவோம்.