நிலையாமையும் நான்காம் அதிகாரமும்



மலர் வாடும், பனி உலரும், இளமை கழியும். இவ்வுண்மையை இயற்கையின் வாயிலாகப் பாடிய தமிழ் நூல்களுள் சமண முனிவர்கள் அருளிய நாலடியார் சிறந்ததொன்று. 400 வெண்பாக்கள் கொண்ட அந்நூலின் முதல் மூன்று அதிகாரங்கள், செல்வமும் இளமையும் யாக்கையும் நிலையாதவை என உணர்த்துகின்றன.

அங்கு வரும் காட்சிகள் உழவர் நாள்தோறும் காண்பவையே. புல்லின் நுனியில் நிற்கும் நீர்த்துளி, மழையில் எழுந்து உடையும் குமிழி, மலைமேல் தவழ்ந்து மறையும் மஞ்சு ஆகியன உயிர் வாழ்க்கைக்கு உவமைகள். குளிர்ந்த சோலையிலே கனியுதிர்த்து நிற்கும் மரங்கள் இளமைக்கு உவமை. கேளாமலே உறவாகி வந்த உயிர், உடலைச் சுற்றத்தாரிடம் விட்டுச் சொல்லாமல் அகல்கிறது; அது கூடிருந்த மரத்தை விட்டு நெடுந்தொலைவு பறந்துபோகும் பறவையை ஒத்தது. உத்திரமேரூர், திருப்புலிவனம் வட்டாரத்தார்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். அருகிலுள்ள வேடந்தாங்கல் ஏரியில், மழைக்குப்பின் வந்து கூடுகட்டும் பறவைகள் கோடையில் நீங்கிவிட, மரங்கள் மட்டுமே எஞ்சி நிற்பதை அவர்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர்.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியிலும் ஒரு சோலைக் காட்சி உண்டு. ஆண் குரங்கு தன் துணைக்கு அளித்த பலாக்கனியைக் காவலன் ஒருவன் பறித்துக்கொள்கிறான். அதனைக் கண்ட சீவகன், கனியை இழந்த குரங்கைக் கட்டியங்காரனாகவும், பறித்தவனைத் தானாகவும் உணர்கிறான். பிறர் குற்றம் காணாது தன் நிலை கண்டதால் துறவு பிறந்தது.

அழகு அழியுமெனில், அதனைக் கண்டு வருந்துவதே முடிவா? நாலடியார் அங்கு நிற்கவில்லை. நான்காம் அதிகாரம் 'அறன் வலியுறுத்தல்'. நிலையாமை கூறியது, அறத்தை நாளைக்கென ஒத்திவைக்கலாகாது என்பதற்காகவே. பன்னிரு அனுப்பிரேட்சைகளுள் அநித்தியம் முதலில் நிற்பதும் எண்ணத்தக்கது.

நிலையாமை பாடிய நூல்களும் செல்லரிக்கும் பனையோலையில்தான் வாழ்ந்தன. தலைமுறைதோறும் படியெடுத்தோர் இருந்தமையால் அவை இன்றும் உள்ளன. உணவு, மருந்து, அபயம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தின் பயன் இதுவே. இன்று ஓலை தேவையில்லை. இல்லந்தோறும் மூத்தோர் நாளொன்றுக்கு ஒரு வெண்பாவைப் பிள்ளைகளுக்குப் பொருளுடன் கற்பித்தால் போதும். கற்பிப்போரும் புல்நுனி நீரே ஆதலின், அப்பணியை இன்றே தொடங்குதல் நன்று.

அறம் வளர்க.