பலாப்பழமும் தாமரைப் பொய்கையும்

(மணவாள நகரில் நடைபெற்ற விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தியைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் சென்றேன். புதுக்கோட்டை வெயிலில் நடந்து, அறிவர் கோயிலின் அர்த்த மண்டபத்துள் நுழைந்தோம். விதானத்தை அண்ணாந்து பார்த்த குழந்தை, "தாத்தா, எல்லாவற்றையும் துறந்த சாமிக்கு இத்தனை மீனும் வாத்தும் எதற்கு?" என்று கேட்டாள். முப்பதாண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்த எனக்கு உடனே விடை வரவில்லை.

அவ்வோவியம் 9ஆம் நூற்றாண்டினது. அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. தீர்த்தங்கரரின் அறவுரை கேட்க அமைந்த சமவசரணத்தைச் சூழ்ந்துள்ள பொய்கை அது என்பர். பவ்வியர் மூவர் அதில் இறங்கிப் பூப்பறிக்கின்றனர். மீன்கள் துள்ளுகின்றன, யானையும் எருமையும் நீரில் திளைக்கின்றன. பவ்வியர் என்றால் வீடுபேற்றுக்குத் தகுதியுடையோர். அத்தகையோரையே முழங்காலளவு நீரில், கை நிறையப் பூவுடன் நிறுத்தி வைத்திருக்கிறான் ஓவியன்! அறவுரை தொடங்கப் போகிறதே என்ற பரபரப்பு அவர்கள் முகத்தில் இல்லை.

பேத்திக்குரிய விடை, நான் பல்லாண்டுகள் ஒளித்து வைத்திருந்த ஒரு காட்சியில் இருந்தது. ஆம், ஒளித்துத்தான் வைத்திருந்தேன். சீவக சிந்தாமணியை வகுப்பில் எடுக்கும்போதெல்லாம், பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லி அவ்விடத்தைக் கடந்துவிடுவேன். உண்மைக் காரணம் கூச்சம்.

சீவகன் அரசாண்டு, இன்பம் துய்த்து, மனைவியருடன் சோலைக்குச் செல்கிறான். அங்கே ஓர் ஆண் குரங்கு வேறொரு மந்தியோடு கூடிவிட்டுத் தன் துணையிடம் அகப்பட்டுக்கொள்கிறது. ஊடிய துணையின் சினம் தணிக்க அது படும் பாடு இருக்கிறதே, நம் வீடுகளில் நடப்பதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. இறுதியில் பலாப்பழம் ஒன்றைக் கொணர்ந்து நீட்டுகிறது. ஊடல் தீர்கிறது. மந்தி உண்ணப் போகும் நேரத்தில் தோட்டக் காவலன் வந்து, இரண்டையும் விரட்டிவிட்டுப் பழத்தைப் பறித்துக்கொள்கிறான்.

படிப்பவர் சிரிக்கிறோம். சீவகன் சிரிக்கவில்லை. பழத்தை இழந்த மந்தியிடம், தன்னிடம் நாட்டை இழந்த கட்டியங்காரனைக் காண்கிறான். பறித்துக்கொண்ட காவலனிடம் காண்பதோ தன்னையே. துறவு அங்கே முளைக்கிறது. 3145 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியம், எட்டு மணங்களைப் பாடியதால் மணநூல் என்றே பெயர் பெற்ற காப்பியம், தன் தலைவனைத் துறவுக்குத் திருப்ப ஒரு குரங்கின் குடும்பச் சண்டையைத் தேர்ந்துகொண்டது. திருத்தக்கதேவர் துறவி. மந்தியின் ஊடலை இத்தனை உன்னிப்பாகக் கண்டவர் உலகை வெறுத்துத் துறந்திருப்பார் என்று என்னால் நம்ப இயலவில்லை.

நமக்கு அருகிலேயே காஞ்சித் திருப்பருத்திக்குன்றத்தில், 1387இல் இருகப்பர் எழுப்பிய மண்டபத்துக்குச் சங்கீத மண்டபம் என்று பெயர். அதன் விதானத்தில் ஆதிநாதர் வரலாற்றைத் தீட்டியுள்ளனர். அப்பெருமானையும் துறவுக்குத் திருப்பியது ஒரு நடனமே. ஆடிக்கொண்டிருக்கும்போதே நீலாஞ்சனையின் ஆயுள் முடிகிறது. இந்திரன் நொடியில் வேறொருத்தியை நிறுத்துகிறான். அவையில் எவரும் அறியவில்லை. அவர் மட்டும் அறிந்தார். ஆட்டத்தை எல்லோரினும் ஆழ்ந்து பார்த்தவர் அவர்தாம் அல்லவா?

பிள்ளைகளுக்கு நோன்பையும் விலக்குகளையும் மட்டும் சொல்லி வளர்த்துவிட்டோமோ என்ற உறுத்தல் எனக்கு உண்டு. ஊர் திரும்பும் வழியில் பேத்தியிடம் குரங்குக் கதையைக் கூச்சமின்றிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். திருவள்ளூர் நெருங்கும்போது திடீரென்று கேட்டாள்: "தாத்தா, அப்புறம் அந்தக் குரங்குக்கு வேறு பழம் கிடைத்ததா?"

தேவர் அதைச் சொல்லவில்லை. கிடைத்தது என்று நான் சொல்லிவிட்டேன்.