பிக்கப்



பொள்ளாச்சியிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ பஸ் வந்து கோவை உக்கடத்தில் நின்றதும், இறங்குகிறவர்கள் கையில் போன் வந்துவிடும். "மாமா, உக்கடம் வந்துட்டனுங்க, பிக்கப் பண்ணிக்கறீங்களா?" மாமா எடுக்கவில்லையென்றால், "போனையே பிக்கப் பண்ண மாட்டேங்கறாரு." ஒருவழியாக அவர் வந்து சேர்ந்ததும் பழி வண்டிமேல்: "என்ன பண்றது கண்ணு, மேம்பாலம் ஏறறப்ப வண்டி பிக்கப்பே இல்ல." 2024-ல் திறந்த அந்தப் பாலத்தின் மீது சரக்கோடு போகும் சின்ன வண்டிக்கும் பேர் பிக்கப்தான்.

ஆங்கிலத்தில் இது பிக், அப் என்று இரண்டு சொல். கீழே கிடப்பதை எடுப்பதில் தொடங்கி, ஆளை ஏற்றிக்கொள்வது, காய்ச்சல் தொற்றுவது, வியாபாரம் சூடுபிடிப்பது வரை போகும். பாலக்காட்டு ஆட்களோடு பேசிப் பேசியே மலையாளம் பழகிக்கொண்ட கடைக்காரர் செய்ததும் பிக் அப்தான். ஆனால் "காய்ச்சலைப் பிக்கப் பண்ணிட்டேன்" என்று இங்கே யாரும் சொல்வதில்லை. 'தொத்திக்கிச்சு' என்று நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. 'எடு' கைவசம் இருக்க, போனுக்கு மட்டும் எதற்குக் கடன் வாங்கினோமோ!

பேச்சுத் தமிழில் இது குற்றமில்லை. திரும்ப ஆங்கிலம் பேசும்போதுதான் இடறுகிறது. தமிழில் யாரை, எதை என்பது முன்னால் வந்துவிடும். வினை கடைசியில் முழுசாக நிற்கும். 'அவரைப் பிக்கப் பண்ணு' என்பதில் உடைப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தப் பழக்கத்தில் "ஐ வில் பிக்கப் யூ" என்கிறோம். ஆங்கிலக்காரர் பிக்-கையும் அப்-பையும் பிரித்து ஆளை நடுவில் உட்கார வைப்பார்: "ஐ வில் பிக் யூ அப்." பை, பெட்டி என்று பொருளின் பேரைச் சொன்னால் நடுவிலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். யூ, மீ, ஹிம், ஹெர், இட், தெம் போன்ற சின்னச் சொற்களுக்கு நடு இருக்கை மட்டும்தான்.

அழுத்தமும் மாறும். வண்டியின் பேராகச் சொன்னால் பிக்-கில் அழுத்தம். வினையாகச் சொன்னால் அப்-பில். நாம் இரண்டையும் வண்டி மாதிரியே உச்சரிக்கிறோம்.

'டிராப் பண்ணு' விஷயத்தில் இந்தத் தொல்லை இல்லை. இறக்கிவிடுவதற்கு ஆங்கிலக்காரர் ஆஃப் என்றொரு வாலையும் சேர்ப்பதுண்டு. நாம் அதை வழியிலேயே கழற்றிவிட்டோம். "ஐ வில் டிராப் யூ அட் உக்கடம்" என்று தைரியமாகச் சொல்லலாம். அதில் பிழையே இல்லை.